விக்கா கோவன்ல சேரணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கான்னா போன நூற்றாண்டுல இங்கிலாந்துல உருவான, தேவன் தேவி வழிபாடும் மந்திரமும் கலந்த ஒரு மதம்; கோவன்னா அதுல சேந்து சடங்கு பண்ற சின்னக் குழு. நான் இங்கிலாந்துல ஒரு அலெக்ஸாண்ட்ரியன் கோவன்ல இருக்கேன். தமிழ்ல இதப்பத்தி விசாரிக்கிறவங்க சுத்திச்சுத்தி அதே கேள்விகளத்தான் கேட்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். கார்ட்னேரியன், அலெக்ஸாண்ட்ரியன்னு ரெண்டு மரபப்பத்தி மட்டும்தான் பேசப்போறேன். சத்தியம் பண்ணிக்கொடுத்த விஷயம் எதுவும் இதுல வராது, வெளில அச்சாகி ஊருக்கே தெரிஞ்சது மட்டும்தான், அதனால "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு இன்பாக்ஸ்ல வராதீங்க ப்ளீஸ்.

தீட்சை விக்கா, சும்மா விக்கா, என்ன வித்தியாசம்?

தீட்சை மரபுல நீங்களா சேந்துக்க முடியாது. ஏற்கனவே உள்ள இருக்கிற ஒருத்தர்தான் உங்கள உள்ள எடுக்கணும், அவர இன்னொருத்தர் எடுத்திருப்பாங்க, அவங்கள வேற ஒருத்தர், இப்படியே பின்னாடி போனா கார்ட்னேரியன் வரிசை விக்காவ வெளில கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர்கிட்டயும் அவரோட இருந்த ப்ரீஸ்டஸ்கள்கிட்டயும் (பெண் பூசாரிகள்) போய் நிக்கும், அலெக்ஸாண்ட்ரியன் வரிசை அலெக்ஸ் சாண்டர்ஸ், அவர் மனைவி மேக்சீன் சாண்டர்ஸ்கிட்ட நிக்கும். இதுக்குத்தான் லீனியேஜ்னு பேரு.

இப்போ விக்கன்னு சொல்லிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க எந்தக் கோவன்லயும் கிடையாது, தனியாளா வீட்டுல பண்றவங்கதான். 1988ல ஸ்காட் கன்னிங்ஹாம் தனியா பண்றவங்களுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினாரு, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ரொம்பவே பெருசாயிடுச்சு. 2021 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேத்து சுமார் 13,000 பேர் விக்கான்னு எழுதியிருக்காங்க, பேகன்னு (இயற்கையையும் பழங்காலக் கடவுள்களையும் கும்பிடுற வழிகளுக்குப் பொதுப்பேரு) எழுதினவங்க சுமார் 74,000. அந்த 13,000லயும் தீட்சை வாங்கினவங்க எத்தன பேர்னு தனியா கணக்கு எதுவும் கிடையாது. தனியா பண்றவங்க கும்பிடுறது பொய், நாங்க கும்பிடுறதுதான் நிஜம்னு பேசுற ஆளுங்க எங்க பக்கமும் இருக்காங்க, அவங்கள கண்டுக்காதீங்க.

இது கிறிஸ்தவத்துக்கு முன்னாடி இருந்த பழைய மதம்னு சொல்றாங்களே?

இல்லங்க. மார்கரெட் மர்ரின்னு ஒரு எகிப்தியவியல் அறிஞர் 1921ல எழுதினாங்க, ஐரோப்பால சூனியக்காரின்னு கொன்னவங்க எல்லாம் ஒரு பழைய மதத்த ரகசியமா காப்பாத்திட்டு வந்தவங்கதான்னு. வரலாற்றாளர்கள் இத எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்க. தொண்ணூறு லட்சம் பேர எரிச்சாங்கன்னு ஒரு கதையும் சுத்துது, ஆராய்ச்சியாளர்கள் சொல்ற கணக்கு 40,000ல இருந்து 60,000 வரைக்கும்தான், அதுலயும் செத்தவங்க ரொம்பப் பேர் சாதாரண கிறிஸ்தவங்க, பக்கத்து வீட்டுப் பகைல மாட்டினவங்க.

உண்மையான கதை இதவிட சுவாரசியம், அதுல நம்ம பக்கத்து ஊரும் வருது. கார்ட்னர் 1884ல பிறந்தவரு, ஆஸ்துமாக்காரரு, முறையா பள்ளிக்கூடமே போகாதவரு. 1900ல இலங்கைக்குப் போயி தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தாரு. 1910ல கொழும்புலதான் ஃப்ரீமேசன்னு சொல்ற, ரகசியச் சடங்கு வச்சு ஆளுங்கள சேக்குற சங்கத்துல சேந்தாரு. அப்புறம் போர்னியோ, மலாயான்னு சுத்தி, ஜொகூர்ல கஸ்டம்ஸ் அதிகாரியா இருந்து 1936ல ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்பினாரு. 1939ல நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய கோவன் தனக்குத் தீட்சை கொடுத்துச்சுன்னு சொன்னாரு. அந்தக் கோவன் எவ்வளவு பழசு, என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. ஆனா கண்ணக் கட்டுறது, கயிறு கட்டுறது, மூணு டிகிரி (தீட்சைல படிப்படியா ஏறுற நிலைகள்), "அப்படியே ஆகட்டும்"னு முடிக்கிறது, இதெல்லாம் ஃப்ரீமேசன் சடங்குகள்ல ஏற்கனவே இருந்ததுதான், அவருக்கு அந்தப் பழக்கம் தொத்தினது கொழும்புல.

1947ல அலிஸ்டர் க்ரௌலிங்கற பிரபலமான ஆங்கிலேய மாயவித்தைக்காரர கார்ட்னர் போய்ப் பாத்தாரு, அவரோட எழுத்துல இருந்தும் நிறைய எடுத்து தன் சடங்குல சேத்துக்கிட்டாரு. 1953ல சேந்த டோரீன் வாலியன்டே அதப் படிச்ச உடனே கண்டுபுடிச்சுட்டாங்க, நேராவே கேட்டுட்டாங்க. உன்னால இதவிட நல்லா எழுத முடிஞ்சா எழுதேன்னாரு கார்ட்னர், அந்தம்மா எழுதியே காட்டிட்டாங்க. இன்னிக்கு நாங்க படிக்கிற அழகான வரிகள்ல பாதி அவங்க கைவண்ணம். எழுபது எண்பது வருஷத்து மதம்னு ஒத்துக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

கார்ட்னேரியனா அலெக்ஸாண்ட்ரியனா, எது பெட்டர்?

பக்கத்துல எது இருக்கோ அதுதான். சீரியஸாத்தான் சொல்றேன். அலெக்ஸ் சாண்டர்ஸ் (1926–1988) மான்செஸ்டர் பக்கம் வளந்தவரு, பாட்டிகிட்ட தீட்சை வாங்கினேன்னு பத்திரிகைகள்ட்ட அடிச்சுவிட்டாரு, அத இப்போ யாரும் நம்பறதில்ல, கார்ட்னேரியன் வழியா வந்த சடங்குப் புத்தகம்தான் அவர் கைல இருந்துச்சு. 60கள் கடைசில அவரும் மேக்சீனும் லண்டன் நாட்டிங் ஹில்ல இருந்துக்கிட்டு வண்டி வண்டியா ஆளுங்களுக்குத் தீட்சை கொடுத்தாங்க, டிவில எல்லாம் வந்தாங்க. அலெக்ஸாண்ட்ரியன்ல சடங்கு மாய வித்தை, கபாலா (யூத மறைஞானத்துல இருந்து வந்தது) எல்லாம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், கார்ட்னேரியன்ல பழைய எழுத்த அப்படியே வச்சுக்கணும்னு கொஞ்சம் கறாரா இருப்பாங்க. ஆனா ஒரே மரபுல ரெண்டு கோவனுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் இதவிடப் பெருசா இருக்கும். நிறைய இடத்துல ஒருத்தர ஒருத்தர் ஏத்துக்கிறாங்க, அமெரிக்கால சில கார்ட்னேரியன் வரிசைங்க மட்டும் இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்கு.

பில்லி சூனியம் ஏவல் மாதிரியா?

வீட்டுல சொன்னா முதல்ல வர்ற கேள்வியே இதுதான். இல்ல. யாருக்கும் தீங்கு வராத வரைக்கும் உன் விருப்பப்படி செய், இதுதான் விக்கன் ரீட்னு எல்லாரும் சொல்ற விதி. நாங்க மந்திரம் பண்றோமா, பண்றோம். யாருக்காவது உடம்பு சரியில்ல, வேலை போச்சு, இந்த மாதிரி விஷயத்துக்கு வட்டத்துல சேந்து நின்னு வேண்டி ஆடிப்பாடி சக்தி எழுப்பி அனுப்புறதுன்னு ஒண்ணு உண்டு. அது ஆஸ்பத்திரிக்கு பதிலு இல்ல, அப்படி பதிலுன்னு சொல்ற கோவன் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. காசு வாங்கிட்டு எதிரிக்கு செய்வினை வைக்கிற வேலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

நம்ம சாமியெல்லாம் விட்டுடணுமா?

யாரும் விடச் சொல்ல மாட்டாங்க. கோவன் வட்டத்துல கொம்புள்ள கடவுள், தேவின்னு ரெண்டு பேர கும்பிடுவோம், அவங்க உள்பேரு சத்தியத்துக்கு உட்பட்டது. வீட்டுல நீங்க முருகன கும்பிட்டாலும் சர்ச்சுக்குப் போனாலும் அது உங்க பாடு. ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கமும் சத்தியம் முட்டிக்கிச்சுன்னா நீங்கதான் யோசிச்சு முடிவெடுக்கணும், அத தீட்சைக்கு முன்னாடியே கேட்டுத் தெளிவாக்கிக்கோங்க. இன்னொரு விஷயம், நீங்க தமிழ்னு தெரிஞ்ச உடனே "காளிய பத்தி சொல்லு, குண்டலினி பத்தி சொல்லு"ன்னு சில பேர் ஆர்வமா வருவாங்க. கெட்ட எண்ணம் இருக்காது. ஆனா ஸ்பீக்கரா போய் நிக்கணும்னு அவசியமில்ல, கத்துக்க வந்திருக்கேன்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

கோவன்ல நிஜமா என்னதான் நடக்கும்?

சினிமா பாத்துட்டு வர்றவங்களுக்கு இது பெரிய ஏமாத்தம். பாதி நேரம் அது யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்தான். சோபாவ சுவத்தோரம் தள்ளி, கார்பெட்ட சுருட்டி, நாய மாடில அடைச்சு, சாம்பிராணி கரித்துண்டு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டி, அப்புறம்தான் எல்லாம். ஒன்பது அடி விட்டம்னு கணக்கு, அந்த ஹால்ல ஒன்பது அடி இருந்தா பெரிய விஷயம். வடக்கு ஓரமா ஒரு சின்ன மேசை, அதுல கறுப்புப் பிடி கத்தி (அத்தாமேன்னு சொல்வாங்க, அதால எதையும் வெட்ட மாட்டாங்க), வெள்ளைப் பிடி கத்தி, கோல், கிண்ணம், பெண்டக்கிள் (அஞ்சு முனை நட்சத்திரம்) போட்ட தட்டு, உப்பு, தண்ணி. வட்டம் போட்டு, கிழக்கு காத்து, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணி, வடக்கு மண்ணுன்னு நாலு திசையும் கூப்பிட்டு, தேவிய ப்ரீஸ்டஸ் மேல இறங்கச் சொல்லி அழைப்பாங்க. அந்த நேரத்துல ரூம்ல ஒரு மாற்றம் வரும் பாருங்க, அத எழுத எனக்குத் தெரியல, அதுக்காகத்தான் மத்த தொல்லையெல்லாம் தாங்கிக்கிட்டுப் போயிட்டிருக்கேன். கடைசில வைன், கேக்கு. அப்புறம் சாப்பாடு, அரட்டை, யாரு பாத்திரம் கழுவுறதுன்னு பஞ்சாயத்து.

பௌர்ணமிக்கு எஸ்பாட்னு ஒரு கூட்டம், வருஷத்துக்குப் பன்னெண்டோ பதிமூணோ வரும். அதுபோக எட்டு சபாத், அதாவது பண்டிகை: அக்டோபர் 31 சவ்வின், டிசம்பர் 21 வாக்குல யூல், பிப்ரவரி ஆரம்பத்துல இம்போல்க், மார்ச்ல வசந்த சமநாள், ஏப்ரல் 30 ராத்திரி பெல்டேன், ஜூன்ல கோடை உச்சி, ஆகஸ்ட் 1 லம்மாஸ், செப்டம்பர்ல இலையுதிர் சமநாள். இதெல்லாம் இங்கிலாந்து பருவம், ஆஸ்திரேலியால இருக்கிறவங்க ஆறு மாசம் தள்ளி மாத்திப் போட்டுக்குவாங்க. கூட்டிப் பாத்தா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ராத்திரி போயிடும், அடுத்த நாள் ஆபீஸ் இருந்தாலும்.

கோவன எப்படிக் கண்டுபுடிக்கிறது?

விளம்பரம் பண்ண மாட்டாங்க, அதனால நீங்கதான் வெளில வரணும். பிரிட்டன்ல நிறைய ஊர்ல பேகன் மூட்னு மாசா மாசம் பப்புல சந்திப்பாங்க, யாரு வேணா போலாம், கைல ஒரு கோக் வாங்கிட்டு ஓரமா உக்காந்தாலே போதும், வயசான ஒரு ஆளு வந்து பேச்சுக் கொடுப்பாரு. 1971ல ஆரம்பிச்ச பேகன் ஃபெடரேஷன் நடத்துற மாநாடுகளும் உண்டு. லண்டன்ல மியூசியம் ஸ்ட்ரீட்ல இருக்கிற அட்லாண்டிஸ் புத்தகக்கடை மாதிரி இடங்கள்ல பேச்சு, வகுப்பு எல்லாம் நடக்கும், கார்ட்னர் காலத்துல இருந்தே இருக்கிற கடை அது. நெட்ல சீக்கர்ஸ் (கோவன் தேடுறவங்க) குரூப்புங்களும் இருக்கு, அங்க உங்க ஊரு, வயசு, ஏன் தேடுறீங்கன்னு எழுதினா நிஜமான ஆளுங்க கண்ணுல படும்.

பக்கத்துலயே கிடைக்கும்னு நினைக்காதீங்க. ரெண்டு மணி நேரம் ட்ரெயின்ல போறவங்க நிறைய பேர். ஊர்ல இருந்துக்கிட்டு, எங்கயோ இருக்கிற கோவன்ல சேரலாமான்னு கேட்டா, மாசா மாசம் நேர்ல போக முடியலேன்னா முடியாது. இதுக்காக நாடு மாறுறேன்னு யாராவது சொன்னா நான் தடுப்பேன். படிப்புக்கோ வேலைக்கோ வந்த இடத்துல கோவன் இருந்தா போங்க, கோவனுக்காக வராதீங்க.

சந்திச்சப்புறம் என்ன ஆகும்?

முதல்ல காபி ஷாப், அப்புறம் இன்னொரு காபி ஷாப். சம்பந்தம் பேசுற மாதிரிதான், ரெண்டு வீட்டாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க, அவங்க மட்டும்தான் உங்கள பாக்குறாங்கன்னு நினைச்சு பணிஞ்சு உக்காந்துடாதீங்க. புடிச்சுதுன்னா சில கோவன்ல அவுட்டர் கோர்ட்னு ஒரு வெளிவட்டம் வச்சிருப்பாங்க, தீட்சை இல்லாதவங்களுக்கு. அங்க தியானம், வட்டம் போடுற அடிப்படை, திசைங்க, வரலாறு, கொஞ்சம் ஜோசியம், மூலிகை எல்லாம் கத்துக்கொடுப்பாங்க, அவங்க பண்ற சடங்கு உள்வட்டத்துச் சடங்கு கிடையாது, இதுக்குன்னு தனியா எழுதினது. அவுட்டர் கோர்ட்டே இல்லாம நேரா பழகிப் பாத்துட்டு உள்ள எடுக்கிற கோவனும் இருக்கு, ரெண்டும் சரிதான்.

இங்க அவங்க பாக்குறது உங்க அறிவ இல்ல. சொன்ன நேரத்துக்கு வர்றீங்களா, வர முடியலேன்னா முன்னாடியே சொல்றீங்களா, அடுத்தவங்க அழுறப்போ என்ன பண்றீங்க, கேட்ட விஷயத்த வெளில போய் சொல்றீங்களா, இவ்வளவுதான். ஐம்பது புத்தகம் படிச்சுட்டு வந்து ஹை ப்ரீஸ்டஸ (கோவன நடத்துற பெண் தலைவி) திருத்துறவங்க ரொம்ப நாள் நிக்கிறதில்ல.

ஒரு வருஷம் ஒரு நாள் காத்திருக்கணுமாமே?

அப்படி ஒரு வழக்கம் இருக்கு, ஆனா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. சில பேர் ஆறேழு மாசத்துல எடுப்பாங்க, சில பேர் மூணு வருஷம் இழுப்பாங்க. ரெண்டு வாரத்துல தீட்சை தர்றேன்னு சொன்னா மட்டும் உஷாராயிடுங்க.

எவ்வளவு காசு?

பயிற்சிக்கும் தீட்சைக்கும் காசு வாங்கக்கூடாதுங்கறது இந்த ரெண்டு மரபுலயும் ஊறிப்போன வழக்கம். மெழுகுவத்தி, வைன், சாப்பாட்டுச் செலவ பங்கு போட்டுக்குவாங்க, ஹால் வாடகைக்கு எடுத்தா அதையும். வெளில எல்லாருக்கும் நடத்துற வகுப்புக்கு டிக்கெட் இருக்கலாம், அது வேற. முதல் டிகிரிக்கு இவ்வளவு, ரெண்டாவதுக்கு இவ்வளவுன்னு ரேட் போட்டிருந்தா அது கடை.

ட்ரெஸ் இல்லாமத்தான் பண்ணணுமா? செக்ஸ் இருக்கா?

கூச்சப்படாம கேட்க வேண்டிய கேள்வி. ஸ்கைக்ளாட்னு சொல்ற, உடை இல்லாம சடங்கு பண்ற வழக்கம் கார்ட்னேரியன்ல ரொம்ப உண்டு, அலெக்ஸாண்ட்ரியன்லயும் நிறைய இடத்துல உண்டு, அங்கி போட்டுப் பண்ற கோவனும் இருக்கு. கார்ட்னரே நிர்வாணக் குளியல், வெயில் சிகிச்சைன்னு சுத்தினவருதான், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல ப்ரிக்கெட் வுட்ல அவரோட கோவன் கூடினதே அப்படிப்பட்ட ஒரு கிளப் நிலத்துலதான். அஞ்சு நிமிஷத்துல பழகிடும், பிப்ரவரி குளிர்தான் பழகாது. ஆனா உங்க கோவன்ல எப்படின்னு அவங்க முதல்லயே சொல்லியாகணும், சர்ப்ரைஸா தீட்சை ராத்திரில சொல்லக்கூடாது. சாட்டைன்னு ஒரு கருவியும் இருக்கு, அதையும் எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு முன்கூட்டியே கேளுங்க.

செக்ஸ் விஷயம்: மூணாவது டிகிரில க்ரேட் ரைட்னு ஒண்ணு வரும், தேவனும் தேவியும் சேர்றத குறிக்கிறது. கத்திய கிண்ணத்துல இறக்கி அடையாளமா பண்ணிடுவாங்க. ஏற்கனவே ஜோடியா இருக்கிற ரெண்டு பேர், தனியா, அவங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னா நிஜமா பண்றதும் உண்டு. இதத்தவிர வேற எங்கயும், முதல் டிகிரில கண்டிப்பா, செக்ஸ் கிடையாது. தீட்சைக்கு இது வேணும், சக்தி ஏத்த இது வேணும், நீ இன்னும் மனசுக்குள்ள கட்டுப்பட்டுக் கிடக்க, அதான் தயங்குறன்னு எவனாவது பேசினா எழுந்து வந்துடுங்க, போலீசுக்கும் போங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ யாரையும் சேக்க மாட்டாங்க, இதுல விதிவிலக்கே கிடையாது.

தீட்சைல என்ன நடக்கும்னு கொஞ்சமாவது சொல்லக்கூடாதா?

1949ல கார்ட்னர் நாவல்னு பேர் வச்சு பாதிய வெளில விட்டாரு, 80கள்ல ஜேனட் ஃபேரர், ஸ்டூவர்ட் ஃபேரர் தம்பதி மீதிய அச்சுல போட்டுட்டாங்க. அதனால தெரிஞ்சதுதான்: கண்ணக் கட்டுவாங்க, கைய கயித்தால கட்டுவாங்க, வட்டத்து ஓரத்துல கத்தி முனைல நிறுத்திக் கேள்வி கேட்பாங்க, சத்தியம் வாங்குவாங்க, கருவிகள ஒவ்வொண்ணா கைல கொடுத்து சொல்லித்தருவாங்க. ஆணுக்கு பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் தீட்சை தர்றது வழக்கம்.

என் அட்வைஸ், அந்த புத்தகங்களத் தேடிப் படிக்காதீங்க. தப்புன்னு இல்ல. கண்ணக் கட்டி நிக்கிறப்போ "அடுத்து இதுதானே"ன்னு மனசு ஓடிக்கிட்டே இருந்தா எல்லாம் வீணாப்போயிடும், ஒருத்தருக்கு முதல் தீட்சை வாழ்க்கைல ஒரு தடவைதான். என்ன சத்தியம் பண்ணப்போறோம்னு தெரியாம பண்றது பயமா இருந்தா, அந்த சத்தியத்தோட சாரத்த முன்கூட்டியே சொல்லச் சொல்லி கேட்கலாம், நல்ல ஹை ப்ரீஸ்டஸ் சொல்லுவாங்க.

மூணு டிகிரின்னா ப்ரமோஷன் மாதிரியா?

ஆசைப்படுறவங்க அப்படித்தான் நினைக்கிறாங்க. முதல் டிகிரிலயே நீங்க ப்ரீஸ்ட் இல்லன்னா ப்ரீஸ்டஸ், முழுசா. ரெண்டாவது வாங்கினா மத்தவங்களுக்குக் கத்துக்கொடுக்கலாம், சில வரிசைல தாய்க்கோவன் கண்பார்வைல தீட்சையும் தரலாம். மூணாவதுல தனிக்கோவன் வச்சுக்கலாம், இப்படிப் பிரிஞ்சு போறத ஹைவிங்னு சொல்வாங்க. முதல் டிகிரியோடவே முப்பது வருஷம் சந்தோஷமா இருக்கிறவங்கள எனக்குத் தெரியும், அவங்க போடுற வட்டத்துல நிக்கிறது தனி சுகம். டிகிரிக்கு அவசரப்படுறவங்க பெரும்பாலும் வேற எதுக்கோ அவசரப்படுறாங்க.

புக் ஆஃப் ஷேடோஸ் நெட்லயே இருக்கே, அப்புறம் எதுக்குக் கோவன்?

புக் ஆஃப் ஷேடோஸ்னா மரபோட சடங்குகள கையால எழுதி வச்சுக்கிற புத்தகம். நெட்ல இருக்கிறது பாதி பழசு, பாதி கலப்படம், சிலது யாரோ எழுதி கார்ட்னர் தலைல கட்டினது. தீட்சைக்கப்புறம் உங்களுக்கு அத கொடுப்பாங்க, நீங்க கையால எழுதி எடுக்கணும், போட்டோகாப்பி பெரும்பாலும் கிடையாது. பேனா புடிச்சு எழுதியே பல வருஷம் ஆன கைக்கு விரல் எல்லாம் மரத்துப்போயிடும், ஆனா எழுதறப்பதான் "இந்த வரிய ஏன் இப்படி வச்சாங்க"ன்னு கேள்வி வரும், பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்ட கேட்கலாம், அவங்க தன் ப்ரீஸ்டஸ் சொன்னத சொல்வாங்க. அந்தப் பேச்சு எந்தப் பிடிஎஃப்லயும் இல்ல.

லீனியேஜ் நிஜமான்னு எப்படிச் செக் பண்றது?

நீங்க நேரா செக் பண்ண முடியாது, முழு வரிசையும் வெளி ஆளுக்குச் சொல்ல மாட்டாங்க, அதுல உயிரோட இருக்கிறவங்க பேரெல்லாம் இருக்கும். ஆனா வவுச்னு ஒரு முறை இருக்கு, ஒரு கோவனுக்கு இன்னொரு கோவன் சாட்சி சொல்றது. "உங்களுக்கு யாரு வவுச் பண்ணுவாங்க, நான் அவங்ககிட்ட பேசலாமா"ன்னு கேளுங்க. சரியான ஆளுங்க இதுக்குக் கோவப்பட மாட்டாங்க. மூட்ல வர்ற பழைய ஆளுங்ககிட்டயும் மெதுவா விசாரிங்க, இது சின்ன உலகம், எல்லாருக்கும் எல்லாரப்பத்தியும் தெரியும், வேண்டாத அளவுக்கே தெரியும்.

ஆனா லீனியேஜ் சுத்தமா இருந்தா ஆளும் சுத்தம்னு அர்த்தம் இல்ல. கார்ட்னர்கிட்ட இருந்து நேர் வரிசைல வந்த கொடுமைக்காரங்களும் உண்டு. அந்த வரிசை ஆளு யாருகிட்ட கத்துக்கிட்டாருன்னு மட்டும்தான் சொல்லும்.

எத பாத்தா ஓடணும்?

காசு, செக்ஸ், வயசு மூணும் மேலயே சொல்லிட்டேன். அதுபோக, பழைய சிநேகிதங்கள விட்டுடு, வீட்டாளுங்ககிட்ட பேசாதன்னு சொன்னா. முன்னாடி விட்டுப்போனவங்க எல்லாருமே பைத்தியம், துரோகின்னு சொன்னா. நீங்க "வேண்டாம்"னு ஒரு சின்ன விஷயத்துக்குச் சொன்னப்போ முகம் மாறினா. இந்தக் கடைசி ஒண்ண நான் ரொம்ப முக்கியமா பாப்பேன், நீங்களே வேணும்னே ஒரு சின்ன "வேண்டாம்" சொல்லிப் பாருங்க, இந்த வாரம் வர முடியல, வைன் குடிக்க மாட்டேன், அந்த மாதிரி, அதுக்கு என்ன பதில் வருதுன்னு கவனிங்க.

இன்னொண்ணு, மாட்டிக்கிட்டப்போ திடீர்னு ஒரு பழைய சட்டத்த எடுத்து நீட்டுறது. இதுக்கு கார்ட்னரே உதாரணம். 1957ல அவர் பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேட்டி கொடுத்ததுல கோவன்ல சில பேருக்குக் கடுப்பு, வாலியன்டேவும் மத்தவங்களும் விளம்பரத்துக்கு விதிமுறை வேணும்னு எழுதிக் கேட்டாங்க. அதெல்லாம் தேவையில்ல, ஏற்கனவே பழங்காலச் சட்டம் இருக்குன்னு ஒரு பட்டியல அனுப்பினாரு கார்ட்னர். அதுவரைக்கும் யாரும் கண்ணுல பாக்காத சட்டம். அதுல ஒண்ணு, ஹை ப்ரீஸ்டஸ் வயசானா இளையவளுக்கு மரியாதையா வழிவிட்டு ஒதுங்கணும்னு. வாலியன்டே நம்பல, கூட இருந்தவங்களோட வெளில போயிட்டாங்க. கார்ட்னர் நல்லவரா கெட்டவரான்னு கேட்டா ரெண்டும்னு சொல்வேன், ஆனா அந்தம்மா அன்னிக்கு எழுந்து போனது சரி.

கே, ட்ரான்ஸ் ஆளுங்க சேரலாமா?

சேரலாம், சேந்திருக்காங்க, ஆனா கோவனுக்குக் கோவன் மாறும். ஆண் பெண் துருவம்ங்கறத ரொம்ப இறுக்கமா புடிச்சிருக்கிற கோவன்ல உங்களுக்கு மூச்சு முட்டும். கார்ட்னருக்கே இதுல பழைய காலத்து எண்ணம்தான். அலெக்ஸாண்ட்ரியன் பக்கம் பொதுவா கொஞ்சம் தளர்வு, அலெக்ஸே ஆண் பெண் ரெண்டு பேரோடயும் உறவுல இருந்தவரு. நியூயார்க்ல எடி புச்சின்ஸ்கி 1977ல ஆரம்பிச்ச மினோவன் ப்ரதர்ஹுட், கே, பைசெக்ஷுவல் ஆண்களுக்குன்னே உருவான தீட்சை மரபு, அது இன்னிக்கும் இருக்கு. முதல் காபிலயே நேரா கேட்டுடுங்க, ஒரு வருஷம் கழிச்சு தெரிஞ்சு மனசு ஒடியறதவிட நல்லது.

எனக்கு நானே தீட்சை கொடுத்துக்கலாமா? ஜூம்ல வாங்கலாமா?

உங்க தேவிக்கு முன்னாடி நீங்களே உங்கள அர்ப்பணிச்சுக்கலாம், அத யாரு தடுக்க முடியும். 70கள்ல ரேமண்ட் பக்லேண்ட் உருவாக்கின சீக்ஸ் விக்கால அதுக்கு வழியே வச்சாரு, அமெரிக்காவுக்கு கார்ட்னேரியன கொண்டுபோன அதே பக்லேண்ட்தான். ஆனா அதால நீங்க கார்ட்னேரியனோ அலெக்ஸாண்ட்ரியனோ ஆக மாட்டீங்க. ஜூம்ல பாடம் படிக்கலாம், தீட்சை நேர்லதான்.

ஆபீஸ்ல, வீட்டுல தெரிஞ்சா பிரச்சினை ஆகுமா?

சட்டப்படி இங்க பயமில்ல. 1735 சூனியச் சட்டத்த 1951ல தூக்கிட்டாங்க, அதுல கடைசியா பெருசா மாட்டினது 1944ல ஹெலன் டங்கன், ஒன்பது மாசம் ஜெயில். அமெரிக்கால 1986ல ஒரு அப்பீல் கோர்ட்டு விக்கா மதம்தான்னு சொல்லிடுச்சு, 2007ல இருந்து ராணுவத்துல இருந்தவங்க கல்லறைல பெண்டக்கிள் பொறிக்கலாம். குடும்பம்ங்கறது வேற கதை, அத நீங்கதான் கணிக்கணும், சொல்லியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. உங்க கோவன்ல யாரு யாரு இருக்காங்கன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது, வாய் தவறியும், பார்ட்டி போட்டோல டேக் பண்ணியும்.

பிடிக்கலேன்னா வெளில வரலாமா?

எப்போ வேணா. ஒரு மெயில் போதும், ஒரு காபி சாப்பிட்டு சொல்லிட்டு வந்தா இன்னும் மரியாதை. கொடுத்த தீட்சைய யாரும் திரும்ப வாங்க முடியாது. ரகசியம் காக்கிற சத்தியம் மட்டும் தொடரும், ஆனா கோவன்ல உங்களுக்கு ஏதாவது கொடுமை நடந்துச்சுன்னா அத வெளில சொல்றதுக்கு அந்த சத்தியம் குறுக்க வராது, வரும்னு மிரட்டினா அவங்கதான் தப்பு பண்றவங்க.

முதல் மெயில்ல என்ன எழுதறது?

நாலஞ்சு வரி போதும். பேரு, வயசு, எந்த ஊர்ல இருக்கீங்க, எவ்வளவு தூரம் பயணம் பண்ண முடியும், இது வரைக்கும் என்ன படிச்சீங்க இல்லன்னா பண்ணீங்க, ஏன் தனியா இல்லாம கோவன் வேணும்னு தோணுது. போன ஜென்மத்துல ப்ரீஸ்டஸா இருந்தேன்னு ஆரம்பிக்காதீங்க, அப்படி வர்ற மெயில்தான் அதிகம். பதில் வர மூணு வாரம் ஆகலாம், வேலைக்குப் போய்க்கிட்டே இதப் பாக்குறவங்க. வரலேன்னா ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. பதில் வந்து சந்திக்கலாம்னு சொன்னா பகல் நேரம், பொது இடம், அவங்கவங்க காபிக்கு அவங்கவங்க காசு, எங்க போறேன்னு ஒரு சிநேகிதர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.